சும்மாதான் தைக்கிறேன்

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் எந்தப் பெண்ணிடமும் "இந்தப் பழக்கம் எப்படி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வரும் சொல் 'சும்மா'. "சும்மாதான் ஆரம்பிச்சேன்." "சும்மா உக்காந்திருக்க வேணாமேன்னு." "வீட்ல சும்மாதானே இருக்கேன்." தமிழில் பெண்கள் தலையில் இத்தனை பாரத்தை ஏற்றிவைத்த வேறொரு சொல்லை நான் அறியேன். நம் ஞானிகளின் மரபில் சும்மா இருப்பது சுகம், யாருக்கும் எளிதில் கைகூடாத நிலை. அதே சொல் சேலையூரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி வரும்போது, காலை நாலரைக்கு எழுந்து ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கிற ஒருத்தியின் வேலையின்மைக்குப் பெயராகிவிடுகிறது.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிச் சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று போகும் வழியெங்கும் இன்று இந்தத் தையல் நடக்கிறது. ஆங்கிலத்தில் குவில்ட் என்கிறார்கள். துண்டுத் துணிகளை இணைத்து மேல்பக்கம், நடுவில் பஞ்சுப் படலம், அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் போர்வை. டினா கட்வால் நடத்திவந்த 'தி ஸ்கொயர் இன்ச்' போன்ற கூடங்கள் சென்னையில் இதைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தன. 2019 ஜனவரியில் இந்தக் கலைக்கென்றே ஒரு திருவிழா இந்தியாவில் முதன்முறையாகச் சென்னையில்தான் நடந்தது. ஆகவே இது நாலு பேரின் விசித்திரப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

எனக்குத் தெரிந்தவர்கள் இதற்குள் எப்படி வந்தார்கள் என்று சொல்கிறேன். ஒருவர் பதினாறு ஆண்டுகள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தவர். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு இரவு அழைப்புகளைச் சமாளிக்க முடியாமல் வேலையை விட்டார். விட்டார் என்பது வீட்டில் சொல்லும் சொல். விட வைக்கப்பட்டார். இன்னொருவர் வங்கியில் ஓய்வு பெற்ற மறுநாளே பேரனைப் பார்த்துக்கொள்ளும் பணியில் அமர்த்தப்பட்டவர். மூன்றாமவர் மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சிக்குப் போய், பனியில் ஆறு மாதம் வீட்டுக்குள் அடைபட்டு, அங்கே நூலகத்தில் கூடும் கிழவிகளிடம் கற்றுக்கொண்டு வந்தவர். நான்காமவர் ஊரடங்கில் முகக்கவசம் தைத்து மீந்த துணியில் தொடங்கினார். ஐந்தாமவரின் கணவர் அதே ஊரடங்கில் இறந்துபோனார். அவருடைய சட்டைகளைத் தானம் கொடுக்கவும் மனமில்லை, அலமாரியில் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. வெட்டினார்.

இவர்களில் யாருக்காவது பொழுது மிஞ்சிப்போய் அதைப் போக்க வழி தெரியாமல் இருந்ததா? ஒருத்தியிடமிருந்து வேலை போயிருக்கிறது, ஒருத்தியிடமிருந்து ஓய்வு போயிருக்கிறது, ஒருத்தியிடமிருந்து ஊர் போயிருக்கிறது. போன இடத்தில் ஊசி வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவருக்குக் கணக்கும் தெரியாது, தமிழும் தெரியாது.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதுவும் அந்த வேலையில் கையை வைக்கிற ஆண்களை மட்டும் எண்ணினால்தான். நூற்றுக்கு 81 பெண்கள் செய்கிறார்கள், 26 ஆண்கள் செய்கிறார்கள். மறுபடி 2024-இல் எண்ணியபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் ஸ்விக்கியும் சேர்ந்து பெண்ணுக்குக் கொடுத்தது பத்து நிமிடம். அந்தப் பத்தில் ஒரு சதுரத்தின் இரண்டு பக்கம் தைக்கலாம். ஆண் தன் ஒன்பது நிமிடத்தை என்ன செய்தார் என்று தெரியவில்லை. நிச்சயம் அவர் தைக்கவில்லை.

இன்னொரு சட்டமும் நினைவுக்கு வருகிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று விதித்தார்கள். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று கால் நரம்பு சுருண்ட பெண்களுக்காக, உட்காருவதை ஓர் உரிமையாக எழுதவேண்டி வந்த நாடு இது. வீட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது. நம் வீடுகளில் பெண் உட்கார்ந்தால் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் தேவைப்படும். ஆனால் மடியில் துணியும் கையில் ஊசியுமாக அவள் உட்கார்ந்திருந்தால், ஒரு நிமிடம் தயங்குவார்கள். ஏதோ வேலை செய்கிறாள் போலிருக்கிறது என்று அந்தத் தயக்கம். பல பெண்களுக்கு இந்தப் பழக்கம் துணி மீதுள்ள ஆசையால் வரவில்லை. உட்காருவதற்கு ஒரு காரணம் கிடைத்ததால் வந்தது. இதை ஒருவர் என்னிடம் சொன்னார், பிறகு யாரிடம் கேட்டாலும் தலையாட்டினார்கள்.

வீடு இதை அனுமதிப்பதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டுக்குள் வந்துசேரும் ஆசைகளிலேயே மிகச் சாதுவானது இது. கூடத்தில் நடுவே உட்கார்ந்து செய்யலாம், தனி அறை வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம். குக்கர் மூன்றாம் விசில் அடித்தால் ஊசியை அப்படியே குத்தி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். மாமனாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கூரியர்காரர் வந்தால் எழலாம், பால்காரர் வந்தால் எழலாம். எத்தனை முறை எழுந்தாலும் துணி கோபித்துக்கொள்ளாது.

கவிதை கோபித்துக்கொள்ளும். நான் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய ஆண்டுகளில் வீட்டில் என்னைப் பற்றிய எல்லா வசவுகளும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "எப்பப் பாரு கையில புத்தகத்தை வச்சுக்கிட்டு…" "எப்பப் பாரு கையில ஊசியை வச்சுக்கிட்டு" என்று எந்த மாமியாரும் எந்த மருமகளையும் ஏசி நான் கேட்டதில்லை. புத்தகம் பெண்ணை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோய்விடும் என்ற பயம் நியாயமானதுதான், கொண்டுபோகத்தான் செய்கிறது. ஊசி அவளை உட்கார்ந்த இடத்திலேயே வைத்திருக்கும் என்ற நம்பிக்கையும் வீட்டுக்கு உண்டு. அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் சாலையின் மறுபக்கம் போகவேண்டும். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே மெப்ஸ். 1984-இல் ஏற்றுமதிக்கான மண்டலமாகத் தொடங்கியது. காலை ஷிப்டுக்குச் செங்கல்பட்டு ரயிலின் பெண்கள் பெட்டியில் வந்து இறங்கும் கூட்டத்தை நான் இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். புறநகர் முழுக்கச் சிறிதும் பெரிதுமாக ஆடை நிறுவனங்கள் உண்டு. வகுப்பில் ஒருநாள் மாணவிகளுக்குக் குவில்ட் படங்கள் சிலவற்றைக் காட்டி, ஒட்டுவேலை என்பதைக் கவிதையின் வடிவமாக யோசிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "மேம், எங்கம்மா பதினாலு வருஷமா கார்மென்ட்ஸ்ல இருக்காங்க. பாக்கெட் மட்டும்தான் தைப்பாங்க. ஒரு நாளைக்கு எத்தனை நூறு பாக்கெட்னு டார்கெட் இருக்கும். அம்மா தைச்ச பாக்கெட் எந்தச் சட்டையில போய் ஒட்டுச்சுன்னு அம்மாவுக்கே தெரியாது மேம்."

அந்த வகுப்பில் அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் சொன்னதிலேயே எல்லாம் இருக்கிறது. மூன்றாம் மாடியில் இருப்பவர் நிறம் தேர்ந்து, அளவெடுத்து, வெட்டி, இணைத்து, கடைசி ஓரம் வரை தானே மடித்துத் தைக்கிறார். அதுதான் அந்தச் சுகம். ஒரு பொருளின் தொடக்கமும் முடிவும் ஒரே கைக்குள் இருக்கும் சுகம். பாக்கெட் தைப்பவரிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது அதுதான். முழுமையைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது, பின்பு அதே முழுமையை ரோட்டரி கட்டர், பாய், மூன்று மணி நேரப் பயிற்சி வகுப்பு என்று பொட்டலம் கட்டி, வாங்க முடிந்தவர்களுக்குச் சந்தை விற்கிறது. தையலே தெரியாமல் இருந்த ஒரு வர்க்கத்துக்குத் தையல் தியானமாகிறது. தையலை மட்டுமே தெரிந்துவைத்திருக்கும் இன்னொரு வர்க்கத்துக்கு அது முதுகுவலி. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் இந்த மாநிலத்தின் தையல் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. பன்னிரண்டு ஆண்டுகள்! அந்தக் காலத்தில் துவரம் பருப்பு என்ன விலைக்குப் போனது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

துணியின் கதையும் இப்படித்தான். வெட்டிய மிச்சம் ஆலைகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கிலோ கணக்கில் விலைபோகிறது, மெஷின் துடைக்கப் போகிறது. மூன்றாம் மாடியிலோ புதுத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுகிறோம். ஒட்டுவேலை என்பது இல்லாமையிலிருந்து பிறந்தது என்பதே நமக்கு மறந்துவிட்டது. இதில் நமக்கு மட்டும் தனிப் பழி இல்லை. நம் சோழமண்டலக் கரையில் சாயமிட்ட சீட்டித் துணி ஐரோப்பாவில் அவ்வளவு மோகத்தைக் கிளப்ப, தன் நெசவாளர்களைக் காப்பாற்ற இங்கிலாந்து 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணிகளையே தடைசெய்தது. கிடைத்த சீட்டியிலிருந்து பூவைத் தனியாக, பறவையைத் தனியாகக் கத்தரித்து வேறொரு துணியில் பதித்துத் தைத்து, ஒரு கஜத்தை ஒரு படுக்கைக்குப் பரப்பினார்கள் அந்நாட்டுப் பெண்கள். இன்று அது 'அவர்களுடைய' கலையாக நமக்குத் திரும்பி வருகிறது, பயிற்சிக் கட்டணத்தோடு.

பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரியாது என்றேன். அதற்கு வருகிறேன். தையல் என்ற சொல்லுக்கு ஊசி வேலை என்றும் பொருள், பெண் என்றும் பொருள். ஆத்திசூடி தையலின் பேச்சைக் கேட்காதே என்றது, பாரதி தையலை உயர்த்தச் சொன்னார், இரண்டுக்கும் நடுவே தையலிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். பனுவல் என்றால் கொட்டை நீக்கி அடித்த பஞ்சு, பனுவல் என்றால் இலக்கியம். நன்னூல் பாயிரத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். அதில் பவணந்தி ஓர் உருவகம் சொல்வார்: சொற்கள் பஞ்சு, பனுவல் இழை, வாய் கை, அறிவு கதிர், அந்தப் புலவன்தான் நூற்கிற பெண். படைப்பு என்றால் என்ன என்று விளக்க இலக்கணக்காரருக்குக் கிடைத்த ஒரே முழுமையான படம், உட்கார்ந்து நூல் நூற்கும் ஒரு பெண்ணின் படம். படத்தை எடுத்துக்கொண்டார்கள், பெண்ணை விட்டுவிட்டார்கள். நூற்றவளின் தொழில் புலவனுக்கு உவமையாகப் போய்ச் சேர்ந்தது, புலமை அவள் பக்கம் திரும்பி வரவே இல்லை.

அவள் யார் என்பதும் நம் பாடல்களிலேயே இருக்கிறது. நற்றிணையில் கபிலர் மலைமேல் படரும் மேகத்துக்கு ஓர் உவமை தேடுகிறார். ஆண் துணையில்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் அடித்தெடுத்த மெல்லிய பஞ்சு அது. புறநானூற்றில் ஒரு பாட்டில் நள்ளிரவில் காட்டுப்பூனையைக் கண்டு ஒரு கோழி அலறுகிறது. பருத்தியின் குப்பை நீக்கிப் புடைக்க அந்நேரத்தில் எழுந்த ஒருத்தியின் சின்ன விளக்கு வெளிச்சத்தில் தன் சேவலைப் பார்த்து அது அடங்குகிறது. எனக்குப் பிடித்த பாட்டு இது. கோழிக்கு ஆறுதல் கிடைத்துவிடுகிறது. நள்ளிரவில் விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்த அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று உரைகாரர்கள் யாரும் எழுதவில்லை. அவளிடம் போய் "இந்தப் பொழுதுபோக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டிருந்தால் சுளகால் அடித்திருப்பாள்.

கணவனில்லாதவளுக்குப் பருத்தி என்ற அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு நம் அரசு தையல் இயந்திரம் தருகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள திட்டம். அந்த இயந்திரத்தால் பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்களின் மகள்கள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் திட்டத்தை இகழமாட்டேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. சாதிக்கு எதிராக மேடையேறியவர், மாநில அமைச்சர், ஒன்றிய அமைச்சர், சொந்தமாகக் கட்சி தொடங்கியவர், அப்படிப்பட்ட ஒரு தலித் பெண் தலைவரின் நினைவாகப் பெண்கள் கையில் கொடுக்க நமக்குத் தோன்றிய பொருள் எது? ஆண் துணை போனால் ஊசி என்பதில் நாம் சங்க காலத்திலிருந்து அசையவில்லை.

ஒட்டுத்துணிக்கு வருவோம். வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர், பழைய புடவைகளை அடுக்கித் தைப்பது. அதே வேரிலிருந்து வந்த சொல் நம்மிடமும் இருக்கிறது: கந்தை. அங்கே அது அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. இங்கே அது வசவு. என் அப்பாவின் அம்மா மதுராந்தகத்தில் பழைய நூல் சேலைகளை நாலாக மடித்து, அடுக்கி, ஓரம் பிரியாமல் ஓட்டுத் தையல் போட்டுவைத்திருப்பார். வீட்டில் பிறந்த அத்தனை குழந்தைகளும் அதன்மேல்தான் முதலில் படுத்தோம். விருந்தாளி வந்தால் அதைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். வறுமை தெரிந்துவிடுமே! பௌத்தத் துறவி குப்பையில் கிடந்த துணிகளை ஒட்டித் தைத்து உடுத்தினால் அது துறவு. புத்தர் மகத நாட்டு வயல்களைக் காட்டி, அந்த வரப்புகளைப் போல ஒட்டுப்போட்டுச் சீவரம் தைக்கும்படி ஆனந்தரிடம் சொன்னார் என்று விநய நூல்கள் சொல்கின்றன. கோயில் தேரில் தொங்கும் தொம்பையைத் தஞ்சாவூரில் ஆண்கள் வண்ணத் துணி வெட்டி ஒட்டித் தைத்தால் அது கைவினை மரபு. என் பாட்டி தைத்தது பரணுக்குப் போனது.

பரணுக்குப் போகாமல் காப்பாற்றியவர்கள் உண்டு. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள், கவண்டி என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியால் ஒரு பூ. பூ இல்லாத கவண்டி அம்மணமாக நிற்கிறது என்பார்கள். நம் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் கைவிட்டுப்போன தங்கள் தையலை மீட்டு, 'பொற்கை' என்ற அமைப்பாகச் சேர்ந்து சம்பாதிக்கிறார்கள். அவர்களுடைய மொழியில் அந்தப் பெயருக்குப் பெருமிதம் என்று பொருள். இவர்கள் யாரும் 'சும்மாதான்' என்று சொல்வதில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

காப்பாற்றப்படுவதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளின் பேத்திகள் வாழும் ஊர். கிழிந்த வேலை உடைகளை, டெனிம் கால்சட்டைகளை ஒட்டித் தைத்துக் குளிர்காலத்தைத் தாண்டியவர்கள். 2002-இல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தின் சுவருக்கு ஏறின. நவீன ஓவியம் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2006-இல் தபால்தலையே வந்தது. 2007-இல் அந்த ஊர்ப் பெண்கள் மூவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், எங்கள் உழைப்பிலும் வடிவங்களிலும் வந்த பணத்தில் எங்களுக்கு உரியது வரவில்லை என்று. மறு ஆண்டு சமரசம் ஆயிற்று. கலை என்று பெயர் சூட்டியதும் கூலி என்ற சொல் அநாகரிகமாகிவிடுகிறது, அதுதான் எனக்கு இதில் உறுத்துவது. ஆலிஸ் வாக்கர் 1973-இல் ஒரு கதை எழுதினார், 'எவ்ரிடே யூஸ்'. படித்த மகள் ஊருக்கு வந்து பாட்டியின் போர்வைகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள், அம்மா அவற்றைப் படிக்காத தங்கைக்கு, போர்த்திக்கொள்ளவென்று, கொடுத்துவிடுகிறாள். மாணவிகளோடு இந்தக் கதையைப் பேசும்போதெல்லாம் சண்டை வரும். பெரும்பாலும் எல்லோரும் தங்கை பக்கம். எனக்கு மட்டும் அந்தப் படித்தவள் மீதும் கொஞ்சம் பரிவு உண்டு. பரணிலிருந்து இறக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

இனி, என் தோழிகள் இருவிதமாக என்னோடு வாதிடுவார்கள் என்று தெரியும். ஊசி என்றாலே அடிமைத்தனம், பெண்ணைக் குனியவைத்த கருவி, அதை வீசியெறிந்துவிட்டு வா என்பவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்குச் சிலியை நினைவுபடுத்துகிறேன். பினோசேயின் ராணுவ ஆட்சியில் கணவனும் மகனும் காணாமல்போன பெண்கள் கந்தல் துணிகளைச் சாக்கின்மேல் ஒட்டித் தைத்தார்கள். சிறை, போலீஸ் வண்டி, வெற்று நாற்காலி, எங்கே அவர்கள் என்ற கேள்வி. தேவாலயத்தின் உதவியோடு அவை நாடு கடந்து போயின. பெண்கள் செய்யும் வெறும் கைவேலை என்று சோதனைக்காரர்கள் அலட்சியமாக விட்டதும் அதற்கு உதவியது. வீடு ஊசியை நம்புகிறது என்று முன்பு சொன்னேனே, சர்வாதிகாரியும் அதே தவறைத்தான் செய்தார்.

இன்னொரு பக்கத்தில் இருப்பவர்களோடுதான் எனக்கு அதிகச் சண்டை. தைத்தால் மன அழுத்தம் குறையும், ரத்த அழுத்தம் குறையும், 'உங்களுக்கான நேரம்', 'உங்களையே நேசியுங்கள்' என்கிறார்கள். அழுத்தம் தருகிறவர் சோபாவில் கால்மேல் கால் போட்டுக் கிரிக்கெட் பார்க்கிறார். அதைக் குறைத்துக்கொள்ளும் பொறுப்பும் இவளுக்கே, வேலை முடிந்த பிறகு, சத்தம் போடாமல். வீட்டைச் சரிசெய்யவேண்டிய இடத்தில் பெண்ணைச் சரிசெய்கிற எந்த மருந்தையும் நான் சந்தேகப்படுவேன், அது எத்தனை அழகான நிறங்களில் வந்தாலும்.

ஒருவருடைய பொழுதுபோக்கு எங்கே தொழிலாகிறது, எங்கே சும்மாவாகவே இருந்துவிடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஜின்னி பேயர் என்ற அமெரிக்கர் 1972-இல் குடும்பத்தோடு இந்தியாவில் வசித்தபோது, பின்னுவதற்குக் கம்பளி நூல் தீர்ந்துபோக, இங்கே கிடைத்த அச்சுப் பருத்தித் துணிகளைக் கையால் ஒட்டித் தைக்க ஆரம்பித்தார். பிறகு புத்தகங்கள் எழுதினார், துணிகளை வடிவமைத்தார், அத்துறையில் பெரிய பெயரானார். அவர் தொடங்கியதும் சும்மாதான். நம் செம்பாக்கத்துப் பெண்ணுக்கு அதே பருத்தி, அதே ஊசி, ஒருவேளை அவரைவிட நுணுக்கமான கை. ஆனால் ஒரு போர்வையை விற்கலாம் என்று சொன்னதும், "நமக்கென்னம்மா கஷ்டம், காசுக்குத் தைக்கணுமா?" என்று வீடே கேட்கிறது. கஷ்டப்படுகிறவள் மட்டும்தான் காசு கேட்கலாம், கஷ்டப்படாதவள் கொடுக்கலாம். இந்த ஒரு வாக்கியத்தில் சாதிக் கௌரவமும் ஆண் கௌரவமும் எவ்வளவு பாந்தமாக ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கின்றன!

ஆகவே கொடுக்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இந்தப் பகுதியில் தைக்கிற பதினோரு பேரில், தான் தைத்த போர்வையைத் தானே போர்த்திக்கொள்கிறவர் ஒருவர்கூட இல்லை. டல்லாஸில் பேத்திக்கு, மெல்போர்னில் மருமகனுக்கு, கல்யாணப் பரிசாக நாத்தனார் மகளுக்கு. பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணியைப் பதித்துப் பெயர் எழுதுகிற வழக்கம் உண்டு. 'அன்புடன் பாட்டி' என்று எழுதுகிறார்கள். பாட்டிக்குப் பெயர் இல்லையா? ஐம்பது ஆண்டு கழித்து அந்த மூலையைப் பார்க்கிறவளுக்கு எந்தப் பாட்டி என்று எப்படித் தெரியும்? முழுப்பெயரை எழுதுங்கள். வருடத்தை எழுதுங்கள். எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதுங்கள், வெட்கப்படாமல். முடிந்தால் அதன் கூலியையும், நம் ஊரில் ஒரு தையல்காரருக்குத் தருகிற கணக்குப்படி. வாங்கிக்கொள்கிற மருமகன் அதை ஒருமுறையாவது படிக்கட்டும்.

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். மாடம்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், அறுபத்து நான்கு வயது, ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார். ஏழெட்டு மாதம் கழித்து அழைத்தார். ஒற்றைக் கட்டில் அளவுக்கு ஒன்று தைத்து முடித்திருக்கிறாராம். மூலையில் இனிஷியலோடு பெயர், வருடம், '210 மணி நேரம்'. மகன் பார்த்துவிட்டு யாருக்கு அனுப்பப்போறே என்று கேட்டிருக்கிறார். எனக்குத்தான் என்றிருக்கிறார் இவர்.

"உனக்கெதுக்கும்மா? வேர்க்குதுன்னு ஃபேனுக்கு அடியில படுக்கிற ஆளு நீ."

"ஆமா, அதான். என் ரூமுக்கும் ஒரு ஏ.சி. வாங்கிப் போடு."